தறிச் சத்தமும் அறுபது வயசுக் காதும்: வயசு எவ்வளவு, தறி எவ்வளவு?

புளியங்குடிக்காரன் | 2 மார்ச் 2024

அப்பாவுக்கு அறுபது. இருபது வயசுல விசைத்தறிக்குப் போனாவ, போன தை வரைக்கும் தறிதான். இப்ப டீவியைத் தெருவுக்கே கேக்கிற மாதிரி வைக்காவ. பேரன் பேசினா "கேக்கு, என்ன சொல்லுதான்னுதான் விளங்கல"ங்காவ. தறி முதலாளிகிட்ட சொன்னதுக்கு, "வயசானா எல்லாருக்கும் காது மந்தமாத்தான் ஆகும், தறிய எதுக்கு இழுக்கிய?"ன்னுட்டாரு. அவரு சொல்லுதது சரிதானா? வயசால போனது எவ்வளவு, தறியால போனது எவ்வளவுன்னு பிரிக்க முடியுமா?

கேள்மானி | 2 மார்ச் 2024

முதலாளி சொன்னது பாதி உண்மை. மீதிப் பாதிக்குக் கணக்கு இருக்கு தம்பி.

ஐஎஸ்ஓ 1999 என்கிற சர்வதேசத் தரத்தில் வயசுக்கு ஒரு வாய்பாடு, இரைச்சலுக்கு ஒரு வாய்பாடு. வேலையிடத்துச் சத்தமே படாத ஆணுக்கு 60 வயசில் 4000 ஹெர்ட்ஸ்ங்கிற கீச்சு அலைவரிசையில் நடுமதிப்பு 28 டெசிபல் இழப்பு. தினம் 8 மணி நேரம் 100 டெசிபலில் 40 வருஷம் நின்றவருக்கு இரைச்சலால் மட்டும் 41. இரண்டையும் அப்படியே கூட்டக் கூடாது. ரெண்டையும் பெருக்கி 120ஆல் வகுத்து, வருகிறதைக் கழிக்கணும்: 28 + 41 − 9.6. ஏறக்குறைய 59.

வயசு மட்டுமே ஒருவரை அந்த 59க்குக் கொண்டுபோகணும்னா, அதே வாய்பாட்டை நீட்டிப் பார்த்தால், அவருக்கு 79 வயசாவது ஆகணும். அந்த அலைவரிசையில் தறி கிட்டத்தட்ட இருபது வருஷத்தை முன்கூட்டியே எடுத்துக்கிட்டது.

100 டெசிபல்ங்கிறது கூட்டிச் சொன்னதில்ல. நாடா (ஊடு நூலைக் குறுக்கே கொண்டுபோற கட்டை) அடிக்கிற பழைய தறி வரிசையா ஓடுற கொட்டகையில் 95லிருந்து 105 வரை சாதாரணம். 12 மணி நேர ஷிப்டுன்னா அதோட இன்னும் ஏறக்குறைய 2 டெசிபல் சேர்த்துக்கணும்.

கேள்மானி | 2 மார்ச் 2024, இரவு

மேலே போட்டது நடுமதிப்பு. நூறு பேரை வரிசையா நிறுத்தினா நடுவில் நிற்கிறவரோட காது அது. அதே தறியில் அதே வருஷம் நின்ற ஒருத்தருக்கு 40தான் இருக்கும், இன்னொருத்தருக்கு 75 இருக்கும். அதனால "உங்க அப்பாவுக்கு இத்தனை டெசிபல் தறி, இத்தனை வயசு"ன்னு எந்த டாக்டராலும் அறுத்துக் கொடுக்க முடியாது. ஆனா 40 வருஷம் தறியில் நின்றவரைப் பார்த்து "வெறும் வயசு"ன்னு சொல்றதுக்கும் யாருக்கும் ஆதாரம் கிடையாது.

"கேக்கு, விளங்கல" — இதுவே நோயோட அடையாளம். அ, ஆ, உ, ஓ மாதிரி உயிரொலிகள் தாழ்ந்த அலைவரிசை, பலமானவை. அவை தப்பிச்சிடும். ச, த, ப, க, ட இவற்றைப் பிரிச்சுக் காட்டுற தகவல் பெரும்பாலும் 2000 ஹெர்ட்ஸுக்கு மேலதான் இருக்கு, பலமும் குறைவு. பட்டு, கட்டு, தட்டு, சட்டு நாலும் அவர் காதில் ஒண்ணாத்தான் விழும். பேச்சு ஓடுற போக்கை வச்சு ஊகிப்பார். மின்விசிறியோ மிக்ஸியோ ஓடினா அந்த ஊகமும் போயிடும். சின்னப்பிள்ளை குரல் கீச்சுன்னு இருக்கும், வேகமாவும் வரும். அதனாலதான் பேரன் பேச்சு முதல்ல போகுது.

முக்கூடல் பீடிக்கடை | 3 மார்ச் 2024

எங்க பக்கம் பீடி சுத்துற பொம்பளைங்க எழுபது வயசிலயும் அடுத்த திண்ணையில பேசுறதக் கேட்டுப் பதில் சொல்லுதாவ. அதே தெருவுல மில்லுல இருந்து ஓய்வு பெத்த ஆம்பளைக்கு அம்பத்தஞ்சுலயே கேக்கல. இது போதாதா சாட்சிக்கு?

கேள்மானி | 3 மார்ச் 2024

நல்ல கவனிப்பு அக்கா. ஆனா அதுல ரெண்டு விஷயம் கலந்து கிடக்கு. பெண்களுக்கு வயசால வர்ற இழப்பே குறைவு. அதே தரத்தில் 60 வயசுப் பெண்ணுக்கு 4000 ஹெர்ட்ஸில் நடுமதிப்பு 16தான், ஆணுக்கு 28. புகையும் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் தனித்தனியா காதைத் தொடும். பீடி சுற்றுற பெண்ணை மில்லுல நின்ற பெண்ணோட வச்சுப் பார்த்தால்தான் சரியான சாட்சி.

அப்படி ஒரு சாட்சி இருக்கு. ஸ்காட்லாந்து டண்டீ நகரத்துச் சணல் நெசவாலைப் பெண்களின் காதைச் சோதிச்ச ஆய்வு 1965ல் வெளிவந்தது. ஓய்வு பெற்ற நெசவுப் பெண்களும் அதுல உண்டு, தறிச் சத்தம் 100ஐ ஒட்டி. முதல் 10–15 வருஷத்தில் 4000 ஹெர்ட்ஸ் அடி வாங்கி நின்னுடுது. அதுக்கப்புறம் வருகிற பத்தாண்டுகளில் 2000 ஹெர்ட்ஸ் மெல்ல மெல்ல இறங்குது. பேச்சு விளங்காமப் போறது அந்த இரண்டாம் கட்டத்தில்தான்.

மறுபக்கச் சாட்சியும் உண்டு. சூடானில் சத்தமில்லாத காட்டில் வாழ்ந்த மபான் மக்களை சாமுவேல் ரோசன் சோதிச்சு 1962ல் எழுதினார். முதியவர்களுக்கும் காது நல்லாவே இருந்தது. உணவு, ரத்த அழுத்தம் எல்லாம் வேறங்கிறதால சத்தம் ஒண்ணே காரணம்னு அதை வச்சு முடிக்க முடியாது.

தறி ஃபிட்டர் | 5 மார்ச் 2024

தறியில சத்தம் எங்க பிறக்குதுன்னு சொல்லுதேன். பெரிய பங்கு நாடா அடி. பிக்கிங் ஸ்டிக்ங்கிற கம்பு நாடாவ அடிக்கிறது ஒண்ணு, எதிர்ப்பெட்டியில நாடா வந்து மோதி நிக்கிறது ஒண்ணு. நாடா நடுவுல சிக்கிரும்னு பயந்து அடியை வேணுங்கிறதுக்கு மேல ஏத்தி வச்சிருப்பாவ. அது ரெண்டு பக்கமும் சத்தம். தேஞ்ச பிக்கர் (நாடாவ இடிக்கிற துண்டு), தளர்ந்த செக் ஸ்ட்ராப் (நாடாவ நிறுத்துற பட்டை), பெட்டிக்குள்ள பஃபர் (மோதலைத் தாங்குற மெத்தை) இல்லாதது, இந்த மூணையும் மாத்தி, அடியைத் தேவைக்குக் குறைச்சா ஆளுக்கே வித்தியாசம் தெரியும். அடுத்தது பல்சக்கரம்: பல்லு தேஞ்சு, கிரீஸ் காய்ஞ்சு கிடக்கும். கடைசியா அடிக்கால் போல்ட். தறிக்கால் தளர்ந்தா தரையே சேர்ந்து அதிரும், அடியில ரப்பர் பேட் வைக்கணும்.

தகரக் கூரையும் வழவழன்னு பூசின சுவரும் சத்தத்தத் திருப்பி அடிக்கும். ரேபியர் தறியில நாடா இல்ல, அடி இல்ல, சத்தம் குறையும். ஆனா வேகத்தக் கூட்டினா அந்த லாபம் போயிரும்.

காதுக்கு, பாக்கெட்டுல 33 டெசிபல்னு போட்ட ஃபோம் அடைப்பான் வாங்கி மாட்டினாப் போதும். 100 இருந்தா 67 ஆயிரும், வீட்டுல பேசுற சத்தம்தான்.

கேள்மானி | 5 மார்ச் 2024

அண்ணாச்சி தறி பத்திச் சொன்னது அத்தனையும் சரி. அந்த 67 மட்டும் வராது.

பாக்கெட்டில் இருக்கிற எண் ஆய்வுக்கூடத்தில், சோதிக்கிறவங்க பார்த்துச் செருகினதுக்கு. வேலையிடத்துக்கு அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு நிர்வாகம் காட்டுற வழி: எண்ணிலிருந்து 7 கழி, மிச்சத்தைப் பாதியாக்கு. (33 − 7) ÷ 2 = 13. ஆக 100 டெசிபல் 87 ஆகும். பரவாயில்ல, ஆனா முழுப் பாதுகாப்பு இல்ல.

அதுவும் கழற்றாம இருந்தால்தான். நல்லாவே செருகி உண்மையா 30 டெசிபல் குறைக்கிற அடைப்பானை, 8 மணி ஷிப்டில் வெறும் அரை மணி நேரம் கழற்றி வச்சாலும் நாள் முழுக்கக் கிடைச்ச பலன் 12 டெசிபலா இறங்கிடும். நூல் அறுந்தது, மேஸ்திரி கூப்பிட்டார், ஃபோன் வந்ததுன்னு கழற்றுற அஞ்சஞ்சு நிமிஷம் சேர்ந்தா அரை மணி நேரம் ஆகாதா? பேசணும்னா கொட்டகைக்கு வெளியே போய்க் கழற்றுங்க.

செருகுற முறை: கையைக் கழுவித் துடைங்க. அடைப்பானை மடிக்காம, விரலுக்கு நடுவில் உருட்டி ஊசி மாதிரி மெல்லிசாக்குங்க. எதிர்க்கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலேயும் பின்னாலேயும் இழுங்க. காதுக்குழாய் நேராகும். உள்ளே விட்டு, 30 வினாடி விரலால் அழுத்திப் பிடிங்க. விரிஞ்சு அடைக்கிறதுக்கு அந்த நேரம் வேணும். எதிரே நிற்கிறவர் பார்த்தா அடைப்பான் முனை தெரியக் கூடாது. உங்க குரல் உங்களுக்கே மண்டைக்குள்ள முழங்கினா சரியா உட்கார்ந்திருக்கு. அழுக்கானதைத் திரும்ப உருட்டிப் போட்டா காதுக்குழாயில் புண் வரும், சீழ் வைக்கும்.

மில்லுல கழிவுப்பஞ்சைச் சுருட்டிக் காதில் வைக்கிறது பழைய பழக்கம். காத்து புகுற இடத்திலெல்லாம் சத்தமும் புகும். ஏதோ வச்சிருக்கோம்ங்கிற தைரியம்தான் அதுல கிடைக்கும்.

தறி ஃபிட்டர் | 6 மார்ச் 2024

சரிதான். அப்ப 24 தறியில 12ஐ நிறுத்தினா சத்தம் பாதியாகுமா?

கேள்மானி | 6 மார்ச் 2024

3 டெசிபல் குறையும், அவ்வளவுதான். 100 இருந்தது 97. ஆற்றல் பாதியாகுது, காதுக்கு அது "கொஞ்சம் குறைஞ்ச மாதிரி". எண்ணிக்கையைக் குறைக்கிறதைவிட நீங்க சொன்ன பிக்கரும் பஃபரும் மாத்துறது மேல்.

ஆனா அந்த 3 சின்னது இல்ல. அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனம் வச்ச அளவுப்படி 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம், ஒவ்வொரு 3 கூடும்போதும் நேரம் பாதியாகும். 88க்கு 4 மணி, 91க்கு 2 மணி, 100க்கு 15 நிமிஷம். நம்ம தொழிற்சாலை விதிகளில் 90 டெசிபலுக்கு 8 மணி, 5 கூடினால்தான் பாதி. அதனால 100க்கு 2 மணி நேரம் அனுமதி. விதிக்குள்ள இருக்கோம்ங்கிற மில்லிலும் காது போகும்.

சத்தம் அளக்கிற மானி இல்லாதவங்களுக்கு: ஒரு கை நீளத்தில் நிற்கிறவர்கிட்ட குரலை உயர்த்தித்தான் பேச முடியுதுன்னா அங்க 85 தாண்டியாச்சு.

புளியங்குடிக்காரன் | 9 மார்ச் 2024

அப்பாவ எங்க கூட்டிட்டுப் போகணும்? நஷ்டஈடு ஏதும் கிடைக்குமா? காதுல பூண்டு காய்ச்சின எண்ணெய் விடச் சொல்லுதாவ.

கேள்மானி | 9 மார்ச் 2024

எண்ணெய் விடாதீங்க. உள்காதில் இருக்கிற மயிர்ச்செல் செத்திருக்கு. ஒரு காதுக்குப் பதினையாயிரம் சொச்சம், பிறக்கும்போது வந்ததுதான், திரும்ப முளைக்காது. எண்ணெய் செவிப்பறை வரைக்கும்தான் போகும். பறையில் ஓட்டை இருந்தா சீழ் பிடிக்கும்.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கு. முதல்ல குறும்பி இருக்கான்னு பார்க்கச் சொல்லுங்க. குறும்பி அடைச்சிருந்தா சோதனை தப்பாத்தான் வரும். சத்தம் புகாத அறையில் காற்றுவழி, எலும்புவழிச் சோதனை ரெண்டும் எடுக்கணும். 500, 1000, 2000, 4000, 8000 மட்டும் எடுத்து முடிச்சா, 3000மும் 6000மும் சேர்த்து எடுக்கக் கேளுங்க. இரைச்சலால் சோதனைத் தாளின் கோட்டில் விழுற பள்ளம் சில பேருக்கு 6000ல்தான் விழும். காது இரையுதுன்னா முன்னாடியே சொல்லிடணும். விட்டுவிட்டு வர்ற ஒலியைப் போடுவாங்க, இரைச்சலோட குழம்பாது.

காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டிருந்தா அதையும் சொல்லுங்க. அந்த வகை மருந்தும் உயர் அலைவரிசையைத்தான் கொல்லும். ரெண்டு காதும் ஏறக்குறைய ஒரே மாதிரி போயிருந்தா இரைச்சலோ வயசோ. ஒரு காது மட்டும் ரொம்ப மோசம்னா வேற காரணம் தேடணும், தறின்னு சொல்லி விட்டுடக் கூடாது.

சட்டம், 2024 நிலவரப்படி: இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு 1948ஆம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இருக்கு. கண்டுபிடிக்கிற டாக்டர் தொழிற்சாலைகளின் தலைமை ஆய்வாளருக்குத் தெரிவிக்கணும். 1923 ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை பி பகுதியிலும் இருக்கு, அதே முதலாளிகிட்ட தொடர்ந்து 6 மாசம் வேலை பார்த்திருந்தாப் போதும். இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) அட்டை இருந்தா இஎஸ்ஐ மருத்துவக் குழு வழி. பத்துப் பேருக்குக் குறைஞ்ச கொட்டகைன்னா இஎஸ்ஐ இருக்காது. அப்ப இழப்பீட்டுச் சட்டம்தான், தொழிலாளர் துணை ஆணையர் அலுவலகத்தில் மனு. பொதுவா 2 வருஷக் கெடு. அப்பா தையில்தான் நின்றிருக்காங்க, தள்ளிப் போடாதீங்க. முதலாளிக்கு எழுத்தில் தெரிவிச்சு நகல் வச்சுக்கோங்க. எத்தனை வருஷம், எந்தத் தறி, எத்தனை மணி நேரம்னு கூட வேலை பார்த்தவங்க கையெழுத்தோட எழுதி வாங்குங்க. சம்பளச் சீட்டு இல்லாத இடத்தில் அதுதான் ஆதாரம்.

கேள்மானி | 10 மார்ச் 2024

ஒரு விஷயம் விட்டுப்போச்சு. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை கிடைக்கும்னு நம்பி அலையாதீங்க. 2016 சட்டப்படி ரெண்டு காதிலும் பேச்சு அலைவரிசைகளில் 60 டெசிபல் இழப்பு வேணும். 40 வருஷத் தறிக் காதுக்கு அதே தரத்துக் கணக்கு 500ல் சுமார் 13, 1000ல் 17, 2000ல் 34, 4000ல் 59. நாலையும் கூட்டி நாலால வகுத்தா ஏறக்குறைய 31. பேரன் பேச்சு விளங்காத மனுஷன் காகிதத்தில் லேசான குறைபாடு. அளவுகோல்ல உள்ள குறை இது. பாதிக்கப்பட்டவங்க பொய் சொல்றதா அதை வச்சு யாரும் முடிவுகட்டக் கூடாது.

முக்கூடல் பீடிக்கடை | 10 மார்ச் 2024

வேலைய விட்டாச்சு, இனிமே கூடாதுல்லா?

கேள்மானி | 11 மார்ச் 2024

சத்தம் நின்னா சத்தத்தால வர்றதும் நிற்கும்னுதான் பாடத்தில் இருந்தது. இப்ப அதை அப்படியே சொல்லத் தயங்குறோம். அமெரிக்காவில் ஃப்ரேமிங்ஹாம் ஊர் முதியவர்களைத் தொடர்ந்து பார்த்து 2000ல் வந்த கட்டுரையில், ஏற்கெனவே பள்ளம் விழுந்த காதுகளில் பக்கத்து அலைவரிசை, முக்கியமா 2000 ஹெர்ட்ஸ், பிந்தைய வருஷங்களில் வேகமா இறங்கினது. எலிகளில் 2009ல் குஜாவாவும் லிபர்மேனும் காட்டினது: கேட்கும் அளவு பழையபடி திரும்பின பிறகும் மயிர்ச்செல்லுக்கும் நரம்புக்கும் உள்ள இணைப்பு அறுந்தே கிடக்கும். மனுஷனுக்கு அது எவ்வளவு பொருந்தும்னு இன்னும் விவாதம் நடக்குது. ஓய்வுக்கு அப்புறமும் காதைக் காப்பாத்தணும்ங்கிறதுக்கு இவ்வளவு போதும்.

அதனாலதான் கோயில் கொடைத் திருவிழா பத்திச் சொல்லணும். சுடலை கொடைக்கும் அம்மன் கொடைக்கும் பெட்டி ஸ்பீக்கர் அடுக்குறாங்க, பக்கத்திலேயே நையாண்டி மேளம். ஆறு நாள் தறியில் நின்னு, லீவுக்கு ஸ்பீக்கர் அடியில் உட்கார்ந்தா காதுக்கு ஓய்வே இல்ல. திறந்த வெளியில் தூரம் ரெட்டிப்பானா ஒரு ஸ்பீக்கரின் சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும். 3 மீட்டரில் இருந்து 12 மீட்டருக்கு நகர்ந்தா 12 டெசிபல். நாற்காலியைப் பின்னால போடுறதுக்குக் காசு செலவில்ல. மேளக்காரங்களைப் பத்தித் தனியாத்தான் பேசணும். தவில்காரர் காதுக்கும் ஆபத்து உண்டு.

புளியங்குடிக்காரன் | 23 மார்ச் 2024

சோதனை ஆச்சு. ரெண்டு காதுலயும் 4000ல 60, 6000ல 65, 8000ல 60. ஹியரிங் எய்ட் மாட்டச் சொல்லிருக்காவ. கடையில ஒண்ண மாட்டிப் பாத்தாவ, "என் குரலே பானைக்குள்ள பேசுற மாதிரி இருக்கு"ன்னு கழட்டிட்டாவ.

கேள்மானி | 23 மார்ச் 2024

8000ல் லேசா மேல ஏறுது பார்த்தீங்களா, அதுதான் இரைச்சல் பள்ளத்தின் மிச்சம். வயசு மட்டும்னா 8000 தான் எல்லாத்துக்கும் கீழே கிடக்கும். இன்னும் பத்து வருஷம் போனா 8000மும் இறங்கி இந்தப் பள்ளம் மூடிடும், அப்புறம் பார்க்கிறவருக்கு வயசுக் காதுதான் தெரியும். இந்தத் தாளை லேமினேட் பண்ணி வைங்க, மனுவோட நகலைக் கொடுங்க.

பானைக்குள்ள பேசுற மாதிரி இருக்கிறது, தாழ்ந்த அலைவரிசை நல்லா இருக்கிற காதை முழுசா அடைச்சதால. இவருக்கு ஓட்டை போட்ட ரப்பர் மூடி, திறந்த டோம்னு கேளுங்க, அது வேணும். ரெண்டு காதுக்கும் ஒண்ணு ஒண்ணு. முதல் நாளே முழுச் சத்தம் வைக்கச் சொல்லாதீங்க. இந்தக் காதுக்கு மெதுவான சத்தம் விழாது, பெரிய சத்தம் உடனே உறுத்தும், நடுவில் இடம் குறுகலா இருக்கும். குறைவா ஆரம்பிச்சு, ரெண்டு வாரத்துக்கு ஒருதரம் கூட்டணும். ஆறு வாரம் போடாம முடிவு பண்ணாதீங்க.

பேட்டரி ஸ்டிக்கரை உரிச்சு ஒரு நிமிஷம் காத்தாட வச்சுப் போடணும். பேரன் கைக்கு எட்டாம வைங்க, விழுங்கினா உணவுக்குழாயை அரிச்சிடும். ராத்திரி சிலிக்கா ஜெல் போட்ட டப்பியில் வைங்க. சத்தமான இடத்தில் எய்டை அணைச்சு அடைப்பானா பயன்படுத்தக் கூடாது. திறந்த டோம் சத்தத்தைத் தடுக்காது.

வீட்டில: கத்தாதீங்க. முன்னால வந்து, வெளிச்சம் உங்க முகத்தில் விழுற மாதிரி நின்னு, நிதானமாப் பேசுங்க. விளங்கலன்னா அதே வார்த்தையைத் திரும்பச் சொல்லாம வேற வார்த்தையில் சொல்லுங்க.

புளியங்குடிக்காரன் | 24 மார்ச் 2024

ரொம்ப நன்றி. தம்பிக்கு 24 வயசு, அவனும் அதே கொட்டகையிலதான் நிக்கான். அவனுக்கு என்ன பண்ணணும்?

கேள்மானி | 24 மார்ச் 2024

இதை முதல்லயே கேட்டிருக்கணும். அந்தத் தரத்தின்படி 100 டெசிபலில் 40 வருஷத்துக்கு 41 டெசிபல் இழப்புன்னா, அதுல 31 முதல் பத்து வருஷத்திலேயே போயிடும். உண்மையா 10 டெசிபல் குறைக்கிற அடைப்பானை முதல்ல இருந்து போட்டா 40 வருஷத்துக்கும் சேர்த்து 15தான். முப்பத்தஞ்சு வயசில் ஆரம்பிச்சா இந்த லாபத்தில் முக்கால்வாசி கிடையாது.

அடைப்பானை நாளைக்கே கொடுங்க. லீவு நாள்ல ஃபோன்ல பாட்டு, கொடை, வெடி எதுவும் இல்லாம, கடைசி ஷிப்ட் முடிஞ்சு 16 மணி நேரமாவது அமைதியா இருந்த பிறகு ஒரு சோதனை எடுங்க. ஷிப்ட் முடிஞ்ச கையோட போனா தற்காலிக மந்தமும் சேர்ந்து வரும். அதுதான் அடிப்படைத் தாள். வருஷத்துக்கு ஒருதரம் அதே மாதிரி. ஒவ்வொரு காதுக்கும் 2000, 3000, 4000 மூணையும் கூட்டி மூணால வகுங்க. அடிப்படையைவிட 10 கூடியிருந்தா ஒரு மாசத்துக்குள்ள திரும்ப எடுங்க. அப்பவும் அதே எண் வந்தா அடைப்பான் மாத்தணும், அவன் நிற்கிற தறியோட பிக்கரையும் பஃபரையும் ஃபிட்டர் அண்ணாச்சி சொன்னபடி பார்க்கணும், முதலாளிக்கு அந்தத் தாளின் நகல் போகணும்.